கோடியக்கரையிலிருந்து நேட்டாலுக்கு: கப்பலேறிய கொள்ளுத்தாத்தாவைத் தேடிப் போகிறவர்களுக்கு

ஆடி அமாவாசை அன்று விடிவதற்கு முன்பே கோடியக்கரைக் கடற்கரையில் கூட்டம் சேர்ந்துவிடும். ஆதிசேது என்று பெயர் பெற்ற துறை இது. முழுக்குப் போட்டுத் தர்ப்பணம் கொடுக்க வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு பக்கத்திலிருந்தெல்லாம் பஸ்ஸிலும் வேனிலும் வந்து இறங்குவார்கள். ஈர வேட்டியோடு மணலில் உட்கார்ந்ததும் புரோகிதர் மூன்று பெயர் கேட்பார்: அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா. மூன்றாவது பெயரில்தான் தடுமாற்றம் வரும். பக்கத்தில் நிற்கும் அத்தையைத் திரும்பிப் பார்த்தால், “அவரு கப்பலேறிப் போனவருப்பா” என்பார். எந்தக் கப்பல், எந்தத் துறை, எந்த வருஷம் என்று கேட்டால் அத்தையிடமும் பதில் இருக்காது.

ஆப்பிரிக்காவில் கொள்ளுத்தாத்தா வேலை பார்த்த தோட்டத்தைப் பார்த்துவிட்டு வர நினைக்கிற குடும்பம், விமான டிக்கெட் விலை பார்ப்பதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு இந்த அத்தையின் பக்கத்தில் உட்கார வேண்டும். அவருக்குத் தேதி தெரியாமல் இருக்கலாம். ஆனால் போனவரின் அப்பா பெயர், குலதெய்வம், குடும்பம் அப்போது இருந்த ஊர், கூடப் போன பங்காளி, முகத்திலோ கையிலோ இருந்த தழும்பு என்று ஏதாவது ஒன்று தெரிந்திருக்கும். தழும்புக்கு என்ன வேலை என்று கேட்க வேண்டாம். நேட்டால் பதிவேட்டில் அதற்கென்று தனிக் கட்டமே இருக்கிறது.

எந்தச் சீமை என்று முதலில் தெரிய வேண்டும்

காவிரி டெல்டாவிலிருந்து கடல் கடந்தவர்களில் பெரும்பாலோர் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனார்கள். நாகப்பட்டினம் துறை அந்தப் பயணத்தில் பேர் பெற்றது. ஆப்பிரிக்கப் பக்கம் போனவர்கள் அவர்களைவிடக் குறைவு. வீட்டுப் பேச்சில் “கங்காணி கூட்டிட்டுப் போனாரு” என்ற சொல் அடிபட்டால் அது இலங்கையாகவோ மலேயாவாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அப்படியானால் இந்த அத்தியாயம் அந்தக் குடும்பத்துக்கு அவ்வளவாக உதவாது.

மேற்கே போனவர்களுக்கு மூன்று வழிகள் இருந்தன. மொரீஷியசுக்கு 1834இல் தொடங்கி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்தியாவிலிருந்து சுமார் நாலரை லட்சம் ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். தமிழர்கள் பெரும்பாலும் சென்னையில் கப்பலேறினார்கள். இரண்டாவது வழி காரைக்கால். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அந்தத் துறைமுகத்திலிருந்து ரீயூனியன் தீவுக்கு ஆள் அனுப்ப 1860களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசு உடன்பாடு செய்துகொண்டது. 1882இல் அதை நிறுத்தியும் விட்டது. தஞ்சாவூர் ஜில்லாவின் நடுவில் ஒரு தீவு போலக் கிடந்த காரைக்காலுக்கு, சுற்றியிருந்த பிரிட்டிஷ் கிராமங்களிலிருந்தும் ஆட்கள் போய்ச் சேர்ந்தார்கள். மூன்றாவது நேட்டால், அதாவது இன்றைய தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாகாணம். 1860 முதல் 1911 வரை அங்கே போய்ச் சேர்ந்த இந்தியர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பலேறியவர்கள். முதல் கப்பலான ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறையில் நங்கூரமிட்டது.

பாரதியின் கரும்புத் தோட்டப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் அது ஆப்பிரிக்காவைப் பற்றியது என்று நினைத்துக்கொள்வது உண்டு. அவர் பாடியது பிஜித் தீவை. இந்தக் குழப்பம் வீட்டுக் கதைகளிலும் புகுந்திருக்கும். கரும்பு என்ற ஒரு சொல்லை வைத்து நாட்டை முடிவு செய்துவிடக் கூடாது.

இந்த மூன்று இடங்களில் நேட்டாலில் தேடுவதுதான் ஓரளவு எளிது என்பதால், இந்த அத்தியாயமும் அங்கேயே அதிக நேரம் நிற்கிறது.

எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது

நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் கைக்குழந்தைக்கும் தனித்தனி எண். கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் எல்லாம் வரிசையாக இருக்கும். எந்த முதலாளியிடம் அனுப்பினார்கள் என்பதும் பதிவாகியிருக்கும். தோட்டத்தின் பெயர் கிடைப்பது அங்கேதான்.

இந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றிவிட்டார்கள். டர்பனில் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுத்துலி ஆவண மையம் இந்தத் தேடலுக்குப் பேர் போனது. பீட்டர்மாரிட்ஸ்பர்க், டர்பன் அரசு ஆவணக் காப்பகங்களில் ‘இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர்’ அலுவலகத்தின் கோப்புகள் இருக்கின்றன. புகார், தோட்ட மாற்றம், திருமணப் பதிவு, இறந்தவர் சொத்து என்று ஒருவரின் வாழ்க்கை அந்தத் தாள்களில் துண்டு துண்டாகக் கிடக்கும். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தையும் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தையும் முதலில் தட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்து திரும்புகிறார்கள். அங்கே இருப்பதில் பெரும்பகுதி அரசாங்கக் கடிதப் போக்குவரத்து. கொள்கை தெரியும், கொள்ளுத்தாத்தா தெரியமாட்டார்.

தேடும்போது மூன்று விஷயம் காலை வாரும்.

முதலாவது எழுத்து. தமிழ்ப் பெயரைக் காதில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. முனுசாமி ‘மூன்சாமி’ ஆனார். குப்புசாமிக்கு ஐந்தாறு எழுத்துக்கூட்டல் உண்டு. ஆகவே உயிரெழுத்துகளை மறந்துவிட்டு மெய்யெழுத்துகளை மட்டும் வைத்துத் தேடுவது நல்லது. கிராமத்தின் பெயருக்கும் இதே கதைதான். ‘நெகபட்டாம்’, ‘டாஞ்சூர்’, ‘ட்ரிச்சினாப்பளி’ போன்றவற்றையும் கோடியக்கரைக்கு வெள்ளைக்காரர் வைத்த ‘பாயிண்ட் காலிமியர்’ என்ற பெயரையும் அன்றைய எழுத்தில் முன்னரே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது ஜில்லா. பட்டியலில் தஞ்சாவூர் என்று இருந்தால் அது இன்றைய தஞ்சாவூர் மட்டுமல்ல. 1991இல் பிரிந்த நாகப்பட்டினமும், 1997இல் பிரிந்த திருவாரூரும், 2020இல் பிரிந்த மயிலாடுதுறையும் அதற்குள் அடக்கம். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் அன்று திருத்துறைப்பூண்டி தாலுகாவில் இருந்தது. வேதாரண்யம் என்ற பெயரில் மட்டும் தேடிவிட்டு “இல்லை” என்று கைவிட்டவர்கள் திருத்துறைப்பூண்டியில் ஒருமுறை தேடிப் பார்க்கலாம்.

மூன்றாவது குடும்பப்பெயர். இங்கே நாம் தகப்பன் பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொண்டு போகிறோம். அங்கே அது நிற்கவில்லை. சிலருக்குச் சாதிப் பட்டம் குடும்பப்பெயரானது: பிள்ளை, செட்டி, முதலியாரிலிருந்து வந்த ‘மூட்லி’, கவுண்டரிலிருந்து வந்த ‘கவெண்டர்’, டெல்டாக்காரர்களுக்குக் கேட்டவுடன் புரிகிற படையாச்சி. வேறு சிலருக்குக் கப்பலேறியவரின் சொந்தப் பெயரே பரம்பரைப் பெயராகிவிட்டது. போனவர் பெருமாள் என்றால், அவருடைய கொள்ளுப்பேத்தி இன்று பள்ளி ஆசிரியராகவோ வக்கீலாகவோ பெயருக்குப் பின்னால் ‘பெருமாள்’ என்று போட்டுக்கொண்டிருக்கலாம். அந்தப் பெருமாள் யார் என்று அந்தப் பெண்ணுக்கே தெரியாமல் இருக்கலாம்.

எண் கிடைத்ததும் ஆனந்தத்தில் கோப்பை மூடிவிடக் கூடாது. முன்னும் பின்னும் இருபது எண்களைப் படிக்க வேண்டும். ஒரே ஊரிலிருந்து கிளம்பியவர்கள் ஒன்றாக நின்று பதிந்திருக்க வாய்ப்பு உண்டு. மனைவி, பிள்ளைகளின் எண்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து வரும். வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு பெண்ணின் பெயர் மனைவி என்ற இடத்தில் இருந்தால், ஊர் திரும்பி அத்தையிடம் சொல்வதற்கு முன் ஒரு ராத்திரி யோசித்துக்கொள்வது நல்லது. பண்ணையாளாக இருந்து மிராசுதாருக்குத் தெரியாமல் கிளம்பியவர்களும், கடனுக்குப் பயந்து கிளம்பியவர்களும் உண்மையான பெயரையோ சாதியையோ கொடுத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

தாளில் உள்ள தோட்டமும் அவர் வாழ்ந்த தோட்டமும்

ஒப்பந்தம் ஐந்து வருஷம். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடி ஐந்தாம் வருஷம் 14. அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு என்று ரேஷன். ஐந்து வருஷம் முடிந்ததும் பலர் தோட்டத்தை விட்டு வெளியேறி டர்பனைச் சுற்றிக் காய்கறி பயிரிட்டார்கள், மீன் பிடித்தார்கள், சமையல் வேலைக்குப் போனார்கள். 1895இல் வந்த சட்டம் புதிதாக வருகிறவர்கள் தலைமேல், ஒப்பந்தம் முடிந்த பிறகு வருஷத்துக்கு 3 பவுன் வரியைச் சுமத்தியது. கட்ட முடியாதவர்கள் மறுபடி ஒப்பந்தம் போட வேண்டியதாயிற்று, அல்லது ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. 1914இல்தான் அந்த வரி ஒழிந்தது.

பட்டியலில் உள்ள முதலாளியின் பெயர் அவர் இறங்கிய முதல் இடத்தை மட்டுமே சொல்லும். 1894இல் அடிபட்டுப் பல் உடைந்து, ரத்தத்தோடு டர்பனில் காந்தியின் அலுவலகத்துக்கு வந்து நின்ற பாலசுந்தரம் தமிழர்தான், ஒப்பந்தக் கூலிதான். காந்தி முயற்சி செய்து அவரை வேறொரு முதலாளியிடம் மாற்றிக் கொடுத்தார். அப்படி மாறியவர்களைத் தேடப் பாதுகாவலர் கோப்புகளைத்தான் புரட்ட வேண்டும். இன்னொன்று, எல்லோரும் கரும்புக்குப் போகவில்லை. ரயில்வேக்கும், வடக்கே டண்டீ, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும், ஸ்டாங்கர் பக்கம் லீஜ் ஹூலெட்டின் கியர்ஸ்னி தேயிலைத் தோட்டத்துக்கும் போனவர்கள் உண்டு. ஒப்பந்தக் கூலி முறை நின்ற பிறகு நேட்டால் தேயிலை தளர்ந்து போனது. கியர்ஸ்னிக்குப் போய்த் தேயிலைச் செடியைத் தேடுகிறவர் கரும்பைத்தான் பார்ப்பார்.

எப்போது போவது

ஆடியில் போவது நல்லது. குவாசூலு-நேட்டாலில் கரும்பு வெட்டு ஏப்ரல் வாக்கில் தொடங்கி டிசம்பர் வரை நடக்கும். ஜூலை, ஆகஸ்டில் அங்கே குளிர்காலம், மழை குறைவு. ஒரு ஸ்வெட்டர் போதும். ஆலை ஓடிக்கொண்டிருக்கும், லாரிகளில் கரும்பு போய்க்கொண்டிருக்கும், வெட்டுவதற்கு முன் சோகையைக் கொளுத்துகிற கருகல் வாசனை சாலையெல்லாம் வீசும். அதே சமயத்தில் அங்குள்ள தமிழர்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். ஆங்கிலத்தில் ‘போரிட்ஜ் பிரேயர்’ என்கிறார்கள். கோயில் வாசலில் குண்டானையும் வேப்பிலையையும் பார்த்ததும் திருத்துறைப்பூண்டிக்காரருக்கு விளக்கம் தேவைப்படாது.

கூட்டத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் புனித வெள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம். டர்பன் பக்கத்து இஸிபிங்கோ மாரியம்மன் கோயிலில் அன்று ஆயிரக்கணக்கானோர் திரள்வார்கள். கிறிஸ்தவப் பண்டிகை நாளில் மாரியம்மன் திருவிழாவா என்று முதலில் திகைப்பாக இருக்கும். தோட்டத்துக் கூலிக்கு நிச்சயமாக லீவு கிடைத்த நாட்களில் சாமி கும்பிட்டார்கள். லீவு முறை போன பிறகும் வழக்கம் நிலைத்துவிட்டது.

டர்பனில் இறங்கியதும்

விமான நிலையம் நகரத்திலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர் வடக்கே லா மெர்சியில் இருக்கிறது. சுற்றிலும் கரும்புக் காடு. பல குடும்பங்கள் தேடி வருகிற பழைய தோட்டப் பகுதிகளான டொங்காட், வெருலம், மவுண்ட் எட்ஜ்கோம்ப் எல்லாம் அந்தப் பக்கமே. தெற்கே போக வேண்டியவர்களுக்கு உம்சிண்டோ, எஸ்பெரன்சா. அங்கே ரெனால்ட்ஸ் சகோதரர்களின் தோட்டங்கள் கூலிகளை நடத்திய விதத்துக்காக அந்தக் காலத்திலேயே கெட்ட பெயர் எடுத்தவை. நகரத்தில் தங்கி ஒரு நாள் வடக்கு, ஒரு நாள் தெற்கு, இரண்டு நாள் காப்பகம் என்று வகுத்துக்கொண்டால் அவசரம் இருக்காது. காப்பகத்துக்கு ஒரே நாள் ஒதுக்கிவிட்டு வருத்தப்படுகிறவர்கள்தான் அதிகம்.

வாகனம் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓடும். இருந்தாலும், தங்குமிடத்தில் சொல்லித் தெரிந்த ஓட்டுநரை வைத்துக்கொள்வது நல்லது. டர்பனில் வழிப்பறி உண்டு. கழுத்தில் சங்கிலி, கையில் கேமரா என்று தெருவில் நடப்பதும் இருட்டிய பிறகு தோட்டச் சாலைகளில் வண்டியை நிறுத்துவதும் கூடாது. தெருப் பெயர்களும் பல மாறிவிட்டன. பழைய தாள்களில் வரும் பாயிண்ட் ரோடு இன்று மகாத்மா காந்தி ரோடு, இந்தியர்களின் கடைவீதியாக இருந்த கிரே ஸ்ட்ரீட் இன்று டாக்டர் யூசுப் தாதூ ஸ்ட்ரீட், ஸ்டாங்கர் இன்று குவாடுகூசா. பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் ஓட்டுநருக்குப் புரியும்.

தோட்டத்தில் எதைப் பார்ப்பது

மவுண்ட் எட்ஜ்கோம்பை எடுத்துக்கொள்வோம். கேம்ப்பெல் குடும்பத்தின் பெரிய கரும்பு ராஜ்யம் அது. 1913 நவம்பரில் 3 பவுன் வரியை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தத்தின்போது இங்கே துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். இன்று அதே மண்ணில் கோல்ப் மைதானங்களும், காவலர் நிற்கும் வேலிக்குள் பணக்காரக் குடியிருப்புகளும். வாயிலில் பெயரும் அடையாள அட்டையும் கேட்பார்கள். உள்ளே யாரும் அழைக்காமல் நுழைய முடியாது. பழைய கூலி லயன்களை, அதாவது வரிசை வீடுகளை, உள்ளே தேடிக்கொண்டு அலைவதில் பயனில்லை.

தோட்டத்துக்குப் போகிற எல்லோருக்கும் முதலில் வருகிற ஆசை துரை பங்களாவைப் பார்ப்பது. படம் எடுக்க அழகாக இருக்கும். தூண், வராந்தா, ஓடு. ஆனால் கொள்ளுத்தாத்தா அந்த வராந்தாவில் ஏறியிருந்தால் பெரும்பாலும் சமையல்காரராகவோ தோட்டக்காரராகவோதான் ஏறியிருப்பார். பங்களாவைப் பார்த்தே தீர வேண்டும் என்றால், டர்பன் பெரேயாவில் மார்ஷல் கேம்ப்பெலின் பழைய வீடான மக்கில்நியூக்கைப் பார்க்கலாம். அங்கே அவருடைய மகள் கில்லி கேம்ப்பெல் சேர்த்துவைத்த நூலகத்தில் நேட்டாலின் பழைய புகைப்படங்களும் தாள்களும் இருக்கின்றன. நேரம் கேட்டுக்கொண்டு போக வேண்டும். வராந்தாவை விட அந்தப் படங்களில் செலவழிக்கும் ஒரு மணி நேரம் உபயோகமானது.

தோட்டத்தில் பார்க்க வேண்டியது கோயில். மவுண்ட் எட்ஜ்கோம்பில் மாரியம்மனும், எம்பெருமாளும், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த விநாயகரும் ஆலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். லயன்கள் போய்விட்டன, கோயில்கள் நிற்கின்றன. கேட்டோ மேனரில் உள்ள உம்பிலோ கோயில் ஆற்றங்கரையில் இருந்தது. 1905 வெள்ளத்தில் போன பிறகு மேடான இடத்தில் மறுபடி எழுந்தது. கோபுரத்தையும் பொம்மைகளையும் பார்க்கிற டெல்டாக்காரருக்கு விகிதம் கொஞ்சம் விநோதமாகப் படும். சிதம்பரத்தையும் கும்பகோணத்தையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, ஓடும் தகரமும் கையில் கிடைத்ததும் வைத்துக் கட்டினால் அப்படித்தான் வரும். கோயில் நிர்வாகக் குழுவில் யாராவது ஒரு பெரியவர் கணக்குப் புத்தகமும் பழைய படமும் வைத்திருப்பார். அவரிடம் எண்ணைச் சொல்லிக் கேட்பது காப்பகத்துக்கு இணையான வேலை.

இன்னும் ஒரு காரியம் செய்யலாம். 1891ஆம் வருஷச் சட்டப்படி, ஒப்பந்தக் கூலி முதலாளியின் சீட்டு இல்லாமல் அவருடைய இடத்திலிருந்து ஒரு மைலுக்கு மேல் போனால் பிடித்துக்கொண்டு போகலாம். வரைபடத்தில் பழைய ஆலையைக் கண்டுபிடித்து அதைச் சுற்றி 1.6 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுப் பார்த்தால், சீட்டு இல்லாத நாளில் அவர் பார்த்த உலகம் எவ்வளவு என்று தெரியும். அந்த வட்டத்தின் ஓரம் வரை பொதுச் சாலையிலேயே நடந்துவிடலாம். கரும்புக்குள் இறங்க வேண்டாம். பாம்பு உண்டு, அதோடு அது இன்னொருவர் நிலம். ஆலைக்குள் போக விரும்பினால் சில வாரம் முன்பே மின்னஞ்சல் எழுதி அனுமதி வாங்க வேண்டும். டொங்காட் பக்கம் மெய்ட்ஸ்டோன் ஆலையும் தெற்கே செசெலா ஆலையும் அந்த வட்டாரத்தின் பெரிய ஆலைகள்.

உறவினர் கிடைத்துவிட்டால்

பெரும்பாலானோருக்குத் தமிழ் பேச வராது. ஆயா, தாத்தா, அண்ணா, அக்கா நிற்கும், பிறகு ஆங்கிலம். அதைக் குறையாகச் சொல்லிக் காட்டக் கூடாது. 1950இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம் இந்தியர்களை வீட்டோடு பெயர்த்து சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் போன்ற குடியிருப்புகளுக்கு அனுப்பியது. கோயில், பள்ளிக்கூடம், பக்கத்து வீடு எல்லாம் ஒரே நாளில் மாறிய குடும்பங்கள் அவை. பீனிக்ஸுக்குப் போகிறவர்கள் பக்கத்தில் இனாண்டாவில் காந்தி 1904இல் தொடங்கிய பீனிக்ஸ் குடியிருப்பையும் பார்த்துவிடலாம். 1985 கலவரத்தில் எரிந்து, பிறகு திரும்பக் கட்டப்பட்டது.

முதல் சந்திப்பில் சாதி கேட்பது பலருக்கு முகம் சுளிக்க வைக்கும். குலதெய்வம் கேட்பது அப்படியில்லை. நிறையப் பேர் அவர்களாகவே கேட்பார்கள், “எங்க குலதெய்வம் எந்த ஊரு?” என்று. இங்கிருந்து போகிறவர் அந்தக் கேள்விக்குத் தயாராக, கோயிலின் படத்தை எடுத்துப் போனால் அதைவிடப் பெரிய பரிசு கிடையாது. சொத்துப் பேச்சை இரு பக்கமும் எடுக்காமல் இருப்பது உத்தமம். “அந்தக் காலத்து நிலத்துல எங்களுக்கும் பங்கு உண்டா?” என்று அவர்கள் வேடிக்கையாகக் கேட்டால், வேடிக்கையாகவே பதில் சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை எடுக்கலாம். ரொட்டியைக் குடைந்து அதற்குள் கறி ஊற்றித் தருகிற ‘பன்னி சௌ’ என்ற டர்பன் தின்பண்டம் மேசையில் இருக்கும். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன் டெல்டாவிலேயே ஓர் எட்டு வைக்க நேரம் இருந்தால் தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் தில்லையாடி. காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, 1914 பிப்ரவரி 22 அன்று அங்கேயே இறந்தவர். தில்லையாடி அவருடைய பெற்றோர் வழி ஊர். 1915இல் காந்தி அங்கே வந்து போனார். நினைவு மண்டபம் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் வழியாகத் திரும்புகிறவர்கள் பிராம்ஃபான்டீன் கல்லறையில் அவருடைய இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

கையில் பணம் குறைவு என்றால் மொரீஷியஸ்

தென்னாப்பிரிக்கா வேண்டாம், மொரீஷியஸ் போதும் என்கிறவர்களுக்குச் செலவும் அலைச்சலும் குறையும். இந்திய பாஸ்போர்ட்காரர்கள் முன்கூட்டி விசா வாங்காமல் இறங்கலாம். போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் ஆப்ரவாசி காட், கூலிகள் ஏறி வந்த படிகளோடு 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறியவர்களின் பதிவேடுகள் இருக்கின்றன; 1860களுக்குப் பிறகு வந்தவர்கள் பலருக்குப் புகைப்படமும் உண்டு. நேட்டாலில் தழும்பு எழுதி வைத்தார்கள், இங்கே முகத்தையே எடுத்து வைத்தார்கள். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடிக்கிற ‘டபுள் கட்’ என்ற வழக்கமும் இந்தத் தீவின் சரக்குதான். பழைய ஆலையை உள்ளே போய்ப் பார்க்க ஆசை இருந்தால் பாம்பிள்மூசில் போ பிளான். 1999இல் மூடிய சர்க்கரை ஆலை இன்று அருங்காட்சியகம். டிரியானோனில் கூலிகளின் கல் லயன் இன்னும் நிற்கிறது, நேட்டாலில் அலைந்தாலும் கிடைக்காத காட்சி. கடையில் பாக்கி வாங்கும்போது நோட்டை உற்றுப் பார்த்தால் தமிழ் எழுத்து இருக்கும். 1998இல் வந்த நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளியதற்குக் கிளம்பிய எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

ரீயூனியன் பிரான்சின் பகுதி. ஆனால் ஷெங்கன் விசா அங்கே தானாகச் செல்லாது. விண்ணப்பத்திலேயே தீவின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். காரைக்கால் வழி போனவர்களின் சந்ததி லா கிராண்ட் ஷலூப்பில் உள்ள பழைய லாசரே என்ற தொற்றுத்தடை முகாமைப் பார்க்கலாம். அங்கே வண்டி வலப்பக்கம் ஓடும்.

பெட்டியில் வைக்க வேண்டியதும் வைக்கக் கூடாததும்

தென்னாப்பிரிக்காவுக்கு விசா முன்கூட்டியே வாங்க வேண்டும். வங்கிக் கணக்கு, வேலைச் சான்று, திரும்பும் டிக்கெட் எல்லாம் கேட்பார்கள். நைரோபி, அடிஸ் அபாபா வழியாக டிக்கெட் மலிவாகக் கிடைத்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றி யோசிக்க வேண்டும். அந்த நாடுகள் வழியாகத் திரும்பி வருகிறவரிடம் இந்திய விமான நிலையத்தில் சான்று கேட்பார்கள், இல்லாவிட்டால் தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகே சான்று செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். துபாய், தோஹா வழி என்றால் இந்தத் தலைவலி இல்லை.

வீட்டிலுள்ள பெரிய மூன்று முனை பிளக், அதாவது ஏ.சிக்கும் கிரைண்டருக்கும் போடுகிறது, தென்னாப்பிரிக்கச் சுவரில் சரியாகப் பொருந்தும். ஆகவே ஊரிலிருந்தே அந்த அளவுக்கு ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்துப் போகலாம்.

விபூதி, குங்குமம், சின்னப் பித்தளை விளக்கு, குலதெய்வக் கோயில் படம் தடையில்லாமல் போகும். விதை, நாற்று, வேப்பங்குச்சி, பச்சைக் காய்கறி போகாது. மண் விஷயத்தில் மட்டும் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கோடியக்கரையிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் போய்த் தோட்டத்தில் போட்டு, அங்கிருந்து ஒரு பிடியை எடுத்து வந்து ஆதிசேதுவில் கரைக்க வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். தென்னாப்பிரிக்காவுக்குள் அனுமதியில்லாமல் மண்ணைக் கொண்டுபோக முடியாது. வெளிநாட்டு மண் இந்தியாவுக்குள் வருவதையும் நம் தாவரத் தொற்றுத்தடை விதிகள் தடுக்கின்றன. பெட்டியைத் திறந்து பார்த்துப் பறிமுதல் செய்வார்கள், சண்டை போட்டுப் பிரயோசனமில்லை. அதற்குப் பதிலாகக் கப்பல் பட்டியலில் உள்ள அந்த ஒரு வரியை, எண்ணும் தகப்பன் பெயரும் கிராமமும் தெரிகிற மாதிரி, காப்பகத்தில் பணம் கட்டி நகல் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த அமாவாசைக்குப் புரோகிதர் மூன்றாவது பெயரைக் கேட்கும்போது மடியிலிருந்து எடுத்துப் படிக்கலாம்.